நிரல் எழுதியாயிற்று, காசை யார் பெயரில் வாங்குவது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி இலங்கைக் கரைகளை அடித்தபோது யாழ்ப்பாணத்தின் வடகரையில், மயிலிட்டியில் மயிலிட்டி மக்கள் இல்லை. 1990 ஜூனில் போரால் இடம்பெயர்ந்தவர்கள் பதினான்கு ஆண்டுகளாக மல்லாகம், கோணப்புலம் முகாம்களிலும் வடமராட்சிக் கரையோரத்திலும் உறவினர் வளவுகளிலும் இருந்தார்கள். துறைமுகம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. முகாம் பதிவேட்டில் ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்துக்கு உலர் உணவு இல்லை. பிரிந்துபோனவரைத் தேடவும் வழி இல்லை. இதை அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. ஒரே காலைப்பொழுதில் 35,000க்கும் அதிகமானோரைப் பறிகொடுத்து, ஐந்து இலட்சம் பேரளவில் வீடிழந்து நின்ற நாடு, அந்தப் பதிவேட்டின் அருமையை அப்போதுதான் முழுதாக உணர்ந்தது.

அந்த நாட்களில் கொழும்பில் ஒரு நல்ல வேலை நடந்தது. லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, சஞ்ஜீவ வீரவரணவின் முயற்சியில் 2003இலேயே தொடங்கப்பட்டிருந்தது. எவரும் நிரலைப் பார்த்து, மாற்றி, பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளை இலங்கையர் எழுதவேண்டும் என்பது அதன் நோக்கம். சுனாமிக்குப் பின் மென்பொருள் பொறியாளர்கள் தன்னார்வமாக அதைச் சுற்றித் திரண்டு, சில வாரங்களுக்குள் ‘சஹானா’வை எழுதிமுடித்தார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, எந்த உதவி நிறுவனம் எங்கே நிற்கிறது என்ற விபரம், எந்த முகாமுக்கு என்ன வேண்டும் என்ற கோரிக்கைப் பட்டியல் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருந்தன. அனர்த்தத்தைக் கையாள அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையம் அதைப் பயன்படுத்தியது. நிரலைத் திறந்தே வைத்ததால், 2005 பாகிஸ்தான் பூகம்பம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு, அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பம், 2010 ஹெய்ட்டி என்று அது நாடு நாடாகப் போயிற்று. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுள்ள திட்டத்துக்காக வழங்கும் 2006ஆம் ஆண்டு விருதையும் சஹானா பெற்றது.

விருதுச் செய்திகளில் இடம்பெறாத ஒரு விடயம் உண்டு. இரவுபகலாக நிரல் எழுதியவர்கள் ஜனவரி கழிந்ததும் தங்கள் தொழிலுக்குத் திரும்பவேண்டியிருந்தது. மென்பொருளுக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது. பிழைகளைத் திருத்தவேண்டும், வேறு மொழிகளுக்குக் கொண்டுபோகவேண்டும், சேவையகத்துக்கு வாடகை கட்டவேண்டும், இன்னொரு நாட்டில் பூமி அதிர்ந்தால் அங்கே போய் நிறுவிக்கொடுக்க ஆள் வேண்டும். இவற்றுக்குக் காசு தர முன்வருவோர் இருந்தாலும் அதை வாங்குவது யார்? சுவீடன் அரசின் உதவி முகவரகமான சீடா நிதி தர வந்தபோது, அதைப் பெற்றுக் கணக்குக் காட்ட லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற பெயர் ஏற்கனவே பதிவில் இருந்தது. சஹானா பிழைத்ததற்கு அதன் நிரல் எவ்வளவு காரணமோ, இதுவும் அவ்வளவு காரணம் என்பேன்.

உலகின் பெரும்பாலான அறிவியல் மென்பொருள் திட்டங்களுக்கு அந்த வாய்ப்பு இருப்பதில்லை. அவை நான்கைந்து ஆய்வாளர்கள் ஓய்வுநேரத்தில் எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டவை. பதிவு இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கணக்காய்வு இல்லை. ஓர் அறக்கட்டளை மானியம் தர விரும்பினாலும் காசோலையில் எழுத ஒரு பெயர் கிடையாது.

நம் ஊர்ப் பழக்கத்தில் இதற்குத் தீர்வு இருக்கிறது. மயிலிட்டிக் கரையில் மீன் ஏலக் கொட்டகை ஒன்று போடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோவில் இருக்கும் ஊரவர்கள் காசு தரத் தயார். முன்னின்று வேலை செய்ய நான்கு இளைஞர்களும் தயார். ஆனால் அந்தக் காசை நால்வரில் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பமாட்டார்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். பற்றுச்சீட்டு சங்கத்தின் பெயரில் வரும். பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும். கொட்டகையை எங்கே போடுவது, எப்படிப் போடுவது என்பதை அந்த நால்வருமே தீர்மானிப்பார்கள். திறந்த மூல உலகில் நிதி அனுசரணை என்று சொல்லப்படுவது ஏறக்குறைய இதுதான். ஏற்கனவே பதிவுபெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று, தனக்கென்று சட்டப்பெயர் இல்லாத திட்டமொன்றைத் தன் குடைக்குள் எடுக்கிறது. நன்கொடையைத் தன் பெயரில் பெறுகிறது, ஒப்பந்தங்களில் கையெழுத்திடுகிறது, நிரலாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது, வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறது. தொழில்நுட்ப முடிவுகள் திட்டக்காரர் கையிலேயே இருக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், திட்டம் சட்டப்படி அந்த அமைப்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. பெயரும் தளமுகவரியும் வணிகக் குறியும் அமைப்புக்குப் போகும், வழக்கு வந்தாலும் அமைப்பே முகங்கொடுக்கும். மற்றதில் திட்டம் தனியாகவே நிற்கும். அமைப்பு நன்கொடையைப் பெற்று மானியமாக அதற்கு மாற்றிக் கொடுக்கும். முதலாவதில் பாதுகாப்பு அதிகம், இரண்டாவதில் சுதந்திரம் அதிகம்.

அறிவியல் மென்பொருளைப் பொறுத்தவரை இந்த வேலையில் முன்னிற்பது அமெரிக்காவின் நம்ஃபோகஸ் அமைப்பு. 2012இல் தொடங்கப்பட்டது. அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர் ஜோன் ஹன்டர். வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளை வரைந்து பார்க்க ஒரு கருவி தேடி, கிடைக்காமல், தானே மட்பிளொட்லிப் என்ற வரைபட நிரல்தொகுதியை எழுதி 2003இல் வெளியிட்டவர். இன்று உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளின் வரைபடங்கள் அதில் உருவாகின்றன. நம்ஃபோகஸ் தொடங்கிய அதே ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி, 44 வயதில், புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கல்களால் அவர் இறந்தார். மூன்று பெண்பிள்ளைகள். அவர்களுக்காக உலகெங்கும் இருந்து வந்த காசைச் சேர்த்துக் கொடுக்க அப்போது ஓர் அமைப்பு இருந்தது. மட்பிளொட்லிப்பும் அவரோடு நின்றுவிடவில்லை.

நம்பை என்ற கணித நிரல்தொகுதியின் கதை இன்னும் அதிகம் சொல்லும். பைதன் நிரலாக்க மொழியில் அறிவியல் கணிப்புச் செய்யும் எவரும் அதைத் தொடாமல் இருக்கமுடியாது. அதன் முதற்பதிப்பு 2006இல் வந்தது. வளர்ச்சிக்கென்று நேரடியாகப் பெரிய மானியம் கிடைத்தது 2017இல். இடையில் பதினொரு ஆண்டுகள், ஆய்வாளர்களின் இரவுகளையும் விடுமுறைகளையும் தின்று அது வளர்ந்தது. 2019 ஏப்ரல் 10ஆம் திகதி கருந்துளையின் முதற்படம் வெளியானபோது அதற்குப் பின்னால் நம்பையும் மட்பிளொட்லிப்பும் இருந்தன. சில நாட்களில், இந்த மென்பொருட்களைப் பேணுவதற்கான விண்ணப்பம் ஒன்றை அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் நிராகரித்தது. சொல்லப்பட்ட காரணம், போதிய தாக்கம் இல்லை என்பது. படத்தை உலகம் பார்த்தது. அதை வரைந்த கருவியைப் பேண நிதி கிடைக்கவில்லை.

கருந்துளை தூரத்து விடயம் என்று தோன்றினால் மயிலிட்டிக் கடலுக்கே வருவோம். இரவில் போன படகின் இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிடுகிறது. காற்றும் நீரோட்டமும் அதை இழுத்துப்போகின்றன. விடிந்தபின் எங்கே தேடுவது? இந்தக் கேள்விக்கென்றே எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள் ஓப்பன்டிரிஃப்ட். நோர்வே வானிலை நிறுவனம் எழுதியது, தேடல் மீட்புப் பணிக்கு அந்த நிறுவனம் தானே பயன்படுத்துவது. காற்று, நீரோட்டத் தரவுகளைக் கொடுத்தால், மிதக்கும் பொருள் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று ஆயிரக்கணக்கான புள்ளிகளால் கணித்துக் காட்டும். யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் இன்றே அதை இலவசமாக இறக்கிப் பாக்குநீரிணைக்கு ஓட்டிப் பார்க்கலாம். ஓப்பன்டிரிஃப்ட்டுக்கு நோர்வே அரசின் கூரை இருக்கிறது. ஆனால் அது நம்பை, மட்பிளொட்லிப், எக்ஸ்அரே ஆகியவற்றின் மேல் கட்டப்பட்டது. மூன்றும் நம்ஃபோகஸின் குடைக்குள் இருப்பவை. அந்த அத்திவாரத்தைப் பேணுகிறவருக்குச் சம்பளம் போகிறதா என்பது படகைத் தேடுகிறவரையும் தொடும் கேள்வி.

அனுசரணை இனாமாகக் கிடைப்பதில்லை. வரும் நன்கொடையில் ஒரு பங்கை அமைப்பு எடுத்துக்கொள்ளும். டெபியன் என்ற திறந்த மூல இயங்குதளத்துக்காக 1997இல் தொடங்கப்பட்ட சொப்ட்வெயார் இன் த பப்ளிக் இன்ரறெஸ்ட் 5 சதவீதம் எடுக்கிறது. சொப்ட்வெயார் ஃப்ரீடம் கொன்சர்வன்சி 10 சதவீதம். கொடுத்த காசில் பத்திலொன்று அலுவலகத்துக்கா என்று நம்மவர்கள் முகஞ்சுளிப்பது எனக்குத் தெரியும். ஒரு கணக்காளரையும் சட்டத்தரணியையும் தனியாக வைத்து ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் செலவோடு ஒப்பிட்டால், சிறிய திட்டத்துக்கு இது மலிவு. முகஞ்சுளிக்கவேண்டியது கணக்குக் காட்டாத அமைப்பைப் பார்த்து.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. குடை பிடிப்பவரே போய்விட்டால்? 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன், ஆண்டு முடிவில் தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. அதன் கணக்கில் இயங்கிய 600க்கும் மேற்பட்ட குழுக்கள் சில மாதங்களுக்குள் வேறு வீடு தேடவேண்டியதாயிற்று. மார்ச் நடுப்பகுதியோடு அவற்றால் புதிய நன்கொடை வாங்கவும் முடியவில்லை. திறந்த மூலத் திட்டங்களுக்கென்று இயங்கும் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் தனி அமைப்பு என்பதால் தப்பியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பிரிவது எப்படி, பிரியும்போது மிச்சக் காசும் பெயரும் யாருக்கு என்ற பக்கத்தைத்தான் முதலில் வாசிக்கவேண்டும்.

காசு இருந்தும் அதைப் பெற ஒத்துக்கொண்ட ஒரு பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வடக்கு நேரிலேயே கண்டது. சுனாமி உதவியைப் பகிர அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2005 ஜூன் 24ஆம் திகதி பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை கைச்சாத்தானது. ஜூலை 15ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடைபட்டவற்றில் பிராந்திய நிதியம் பற்றிய பிரிவும் ஒன்று. மணற்காட்டிலும் மருதங்கேணியிலும் வீடிழந்தவர்கள் காத்திருந்தார்கள். அது போரின் அரசியல், மென்பொருளோடு ஒப்பிடக்கூடியது இல்லை. ஆனாலும் நிதியை யார் பெயரில் வைப்பது என்பதை வெறும் எழுத்துவேலை என்று ஒதுக்கும் எண்ணம் இங்கே யாருக்கும் வரக்கூடாது.

சஹானாவுக்கு வருவோம். 2009இல் அதற்கென்று தனியான சஹானா சொப்ட்வெயார் ஃபவுண்டேஷன் உருவானது. பதிவு செய்யப்பட்ட இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. கொழும்பு அமைப்பு தன்னிடமிருந்த பொறுப்பை அதற்குக் கையளித்தது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. அமெரிக்கக் கம்பனிகளும் அறக்கட்டளைகளும் தங்கள் வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரும், வரிவிலக்குப் பெற்ற அமைப்புக்கே இலகுவாகக் கொடுக்கும். ஆனால் நம் கரையின் துயரத்தில் பிறந்த மென்பொருளுக்கு நம் நாட்டில் நிலையான வீடு ஒன்று அமையவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நிரல் எழுதும் கைகளுக்கு இங்கே குறைவில்லை. கூகிளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் பல ஆண்டுகள் உலகிலேயே முன்னணியில் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது, கிளிநொச்சியில் பொறியியற் பீடம் இருக்கிறது, யாழ் ஐ.ரி. ஹப் இருக்கிறது. சட்டத்திலும் வழி இருக்கிறது: 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பங்கு மூலதனம் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். ஒவ்வொரு மாணவர் குழுவும் தனித்தனியே அதைச் செய்வது வீண். ஓர் அமைப்பு பதிந்துகொண்டு, பத்துத் திட்டங்களுக்குக் கணக்கு வைத்தால் போதும். இந்தியாவில் ஃபொஸ் யுனைட்டெட் போன்ற அமைப்புகள் உருவாகிவிட்டன. அங்குள்ள பங்குத் தரகு நிறுவனமான செரோதா 2024 ஒக்டோபரில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலர் திறந்த மூலத்துக்கென்று ஒதுக்கியது; உலகின் எந்த நாட்டுத் திட்டமும் விண்ணப்பிக்கலாம்.

மயிலிட்டித் துறைமுகமும் சுற்றியுள்ள 54 ஏக்கரும் 2017 ஜூலை 3ஆம் திகதி விடுவிக்கப்பட்டன. படகுகள் திரும்பிவிட்டன. அந்தக் கடலுக்கென்று நீரோட்டமோ அலையோ கணிக்கும் நிரல் ஒன்றை யாழ்ப்பாணத்தில் எழுதத் தொடங்கும் குழு, அனுசரணை கேட்டுப் போகுமுன் செய்துவைக்கவேண்டியவை சில. உரிமம் எது என்பது நிரலோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கவேண்டும். குறைந்தது மூவராவது மாற்றங்களை ஏற்கும் அதிகாரத்தோடு இருக்கவேண்டும், அவர்கள் ஒரே விரிவுரையாளரின் மாணவர்களாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. கருத்து வேறுபட்டால் முடிவெடுப்பது எப்படி என்று ஒரு பக்கமாவது வேண்டும். தளமுகவரியும் களஞ்சியத்தின் கடவுச்சொல்லும், பட்டம் பெற்று வெளிநாடு போகவிருக்கும் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் மட்டும் இருந்தால், அதை இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.