கோதுமைக் கப்பலும் ஜான்சனின் கயிறும்

1954இல் அமெரிக்க விவசாயியை வாட்டியது பஞ்சம் அல்ல, அமோக விளைச்சல். கொரியப் போர் ஓய்ந்து ஏற்றுமதி சரிந்துவிட்டது. ஆதரவு விலை கொடுத்து அரசு வாங்கிய கோதுமை கிடங்கு கிடங்காகத் தேங்கிக் கிடந்தது. வாங்க ஆளில்லை, வைத்திருக்கும் செலவோ ஏறிக்கொண்டே போனது. அந்த ஆண்டு ஜூலை 10ஆம் தேதி அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட 'பொதுச் சட்டம் 480' இந்தத் தலைவலிக்கு வந்த மருந்து. அறுபதுகளில் பத்திரிகை படித்தவர்களுக்கு 'பி.எல். 480' என்றால் சட்டெனப் புரியும். உபரியைக் கரைப்பது, வெளிநாட்டில் சந்தை பிடிப்பது என்ற நோக்கங்களை அந்தச் சட்டம் ஒளிவுமறைவு இல்லாமலே சொன்னது. 'அமைதிக்கான உணவு' என்ற அழகான பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கென்னடி 1961இல் அதற்கென வெள்ளை மாளிகையில் தனி அலுவலகமே திறந்தார்.

வல்லரசுகளின் வெளியுறவுக் கொள்கை உலக நன்மைக்கா, சொந்த லாபத்துக்கா? நல்ல பட்டிமன்றத் தலைப்பு. நடுவர் கடைசியில் 'இரண்டும்தான்' என்று தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் கைதட்டிவிட்டுக் கலைந்துபோகலாம். இந்தியாவுக்கு வந்த கோதுமையின் கதையைப் படித்தால் கேள்வியே வேறாகிவிடுகிறது. சுயநலம் இருந்ததா என்று தேட வேண்டியதில்லை, அது முதல் நாளிலிருந்தே இருந்தது. அது யாருடைய சுயநலம், எத்தனை நாளைக்கு மாறாமல் இருக்கும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

சட்டத்துக்கு முன்பே ஓர் ஒத்திகை நடந்தது. 1951இல் நேரு அரசு 20 லட்சம் டன் தானியம் கேட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் அதை மாதக்கணக்கில் இழுத்தது. கொரியப் போரில் நேருவின் நிலைப்பாடு பல உறுப்பினர்களுக்குக் கசந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் நம் கடற்கரையில் கிடந்தது. திருவாங்கூர்க் கரையின் மணலில் மோனசைட் இருக்கிறது, அதிலிருந்து தோரியம் கிடைக்கும். அணுசக்தியில் கண்வைத்திருந்த இந்தியா அதன் ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்தது. கோதுமை கொடுத்தால் மோனசைட் தருவாயா என்று சிலர் பேரம் பேசினார்கள். ஜூன் மாதம் ஒருவழியாக 19 கோடி டாலர் கடனாகச் சட்டம் நிறைவேறியது. கோதுமை வந்தது; நன்றி உணர்வு வந்து சேரவில்லை.

பி.எல். 480 இதைவிடச் சாமர்த்தியமான ஏற்பாடு. இந்தியாவிடம் டாலர் இல்லை. பரவாயில்லை, ரூபாயிலேயே கொடு என்றது அமெரிக்கா. முதல் ஒப்பந்தம் 1956இல். 1960இல் நான்கு ஆண்டுகளுக்கு 1.6 கோடி டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி என்று பெரிய ஒப்பந்தமே போட்டார்கள். இந்தியா கட்டிய ரூபாய் இங்கேயே அமெரிக்கக் கணக்கில் குவிந்தது. பெரும்பகுதி இந்தியாவின் திட்டங்களுக்கே கடனாகவும் மானியமாகவும் திரும்பியது. மீதியில் தூதரகச் செலவு நடந்தது, இங்கே தொழில் தொடங்கிய அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கடன் கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962 முதல் அதே பணத்தில் இந்திய மொழிகளில் வெளியாகும் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகங்களும் அப்படித்தான் கப்பலேறின. இங்கே பழைய புத்தகக் கடையிலும் அகப்படாத ஒரு தமிழ் நாவல் சிகாகோ நூலகத்தில் பத்திரமாக இருக்கிறதென்றால், அதற்கு நாம் தின்ற கோதுமையும் ஒரு காரணம். காமராஜரின் மதிய உணவுத் திட்டத்துக்கு 'கேர்' நிறுவனம் அனுப்பிய உணவுப் பொருள்களும் அமெரிக்க உபரியிலிருந்து வந்தவை. கன்சாஸ் விவசாயியின் சுயநலத்தில்தான் நம் பிள்ளைகளின் தட்டு நிறைந்தது. இதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கெடுதல் வேறு இடத்தில் நேர்ந்தது. மலிவான கோதுமை வந்துகொண்டே இருந்ததால் நம் விவசாயிக்கு நல்ல விலை கொடுக்க வேண்டிய அவசரம் டெல்லிக்கு இல்லாமல் போனது. எஃகு ஆலைக்கு இருந்த மதிப்பு ஏரிக்கும் உரத்துக்கும் இல்லை. அதை வாஷிங்டன் தலையில் கட்ட முடியாது; அது நம் திட்டக்காரர்களின் சோம்பல்.

அந்தச் சோம்பலுக்கு விலை 1965இல் வந்தது. முந்தைய ஆண்டு 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல், பருவமழை பொய்த்ததில் 7.2 கோடி டன்னாக விழுந்தது. பிரதமர் சாஸ்திரி வாரம் ஒருவேளை சாப்பாட்டைத் தவிர்க்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். சரியாக அந்த நேரத்தில்தான் அதிபர் லிண்டன் ஜான்சன் கயிற்றைக் கையில் எடுத்தார். ஜூன் மாதம் முடிந்த ஒப்பந்தத்தை ஆண்டுக்கணக்கில் நீட்டிக்காமல், மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்துவிடத் தொடங்கினார். எத்தனை டன், எப்போது என்பதை அதிபரே நேரடியாக முடிவு செய்தார். 1966இல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் சுமார் 1 கோடி டன். துறைமுகத்தில் இறங்கியது அப்படியே ரேஷன் கடைக்குப் போனது. 'கப்பலிலிருந்து வாய்க்கு' என்று அதிகாரிகளே பேசிக்கொண்ட காலம் அது. ஒரு கப்பல் தாமதித்தால் எந்த மாநிலத்தில் படியளப்பைக் குறைப்பது என்று உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

ஜான்சனுக்கு என்ன வேண்டும்? இந்தியா விவசாயத்தில் பணம் போட வேண்டும், உரத் தொழிலில் தனியாரை விட வேண்டும், மற்ற பணக்கார நாடுகளும் தானியச் சுமையில் பங்கெடுக்க வேண்டும். இவை நியாயமான கோரிக்கைகள்தான். கூடவே வியட்நாம் பற்றி டெல்லி வாய்திறக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பும் இருந்தது; அதை யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. 1966 மார்ச்சில், அதற்குள் பிரதமராகியிருந்த இந்திரா காந்தி வாஷிங்டன் போனார், தடபுடல் வரவேற்பு. ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது: ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. உலக வங்கியும் அமெரிக்காவும் வற்புறுத்தியதில் எடுத்த முடிவு. அதற்குக் கைம்மாறாக எதிர்பார்த்த உதவி சொன்ன அளவில் தொடரவில்லை. ஜூலையில் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தச் சொன்னார் இந்திரா. ஜான்சனுக்குக் கோபம். போப்பாண்டவரும் ஐ.நா. பொதுச்செயலாளர் ஊ தாண்டும் இதையேதானே சொல்கிறார்கள் என்று இந்தியத் தரப்பில் கேட்டபோது, அவர்களுக்கு எங்கள் கோதுமை தேவையில்லையே என்று பதில் வந்ததாக ஒரு பேச்சு உண்டு. அந்த ஆண்டின் பின்பகுதியில், பீகாரில் வயல்கள் காய்ந்து வெடித்துக் கிடந்தபோது, புதிய ஒதுக்கீட்டுக்கான கையெழுத்து மறுபடியும் தள்ளிப்போனது. டெல்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸே இதை ஏற்கவில்லை.

அந்தக் கயிறு இறுகியதால்தான் இந்தியா திருந்தியது, பசுமைப் புரட்சிக்கே ஜான்சன்தான் காரணம் என்று சொல்வோர் இன்றும் உண்டு. தேதிகளைப் பார்த்தால் அது முழுக்க நிற்காது. கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக் இந்தியாவுக்கு வந்து வயல்களைப் பார்த்தது 1963இல். அவரை அழைக்க முனைந்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சரானது 1964இல். விவசாய விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் பிறந்தது 1965 ஜனவரியில்; உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. கயிறு இறுகியது அதற்கும் ஆறு மாதம் கழித்து.

சுப்பிரமணியத்தின் கெட்டிக்காரத்தனம் வேறு விதமானது. உரத்துக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி கேட்டு அவர் மல்லுக்கட்டியது நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியுடன். இரண்டு தமிழர்கள், ஒரே அமைச்சரவை, எதிரெதிர் கணக்கு. 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாயத்துறைச் செயலாளர் ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் ஓசையில்லாமல் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அமெரிக்கா போட்டதாகச் சொல்லப்பட்ட நிபந்தனைகளில் பெரும்பாலானவை அவரே டெல்லியில் கேட்டுக் கிடைக்காதவை. ஜான்சனின் மிரட்டலைக் காட்டித் தன் சகாக்களை வழிக்குக் கொண்டுவந்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. 1964-65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1971-72இல் 2.6 கோடி டன்னைத் தாண்டியது. அதற்குள் அவர் 1967 தேர்தலில் தோற்றிருந்தார். 'ரூபாய்க்கு மூன்று படி' அரிசி என்ற தி.மு.க. முழக்கத்துக்கு முன்னால் மெக்சிகோ விதையின் பெருமை எடுபடுமா என்ன!

கயிற்றை அறுத்துக்கொள்ள இந்தியாவிடம் நிலம் இருந்தது, விஞ்ஞானிகள் இருந்தார்கள், பேரம் பேசும் அளவுக்குப் பருமனும் இருந்தது. வங்கதேசத்துக்கு அது எதுவும் இல்லை. 1974இல் அந்த நாடு கியூபாவுக்குச் சணல் சாக்குகள் விற்றது. கியூபாவோடு வணிகம் செய்யும் நாட்டுக்குப் பி.எல். 480 கிடையாது என்ற விதியை எடுத்து நீட்டினார்கள். வெள்ளமும் விலையேற்றமும் சேர்ந்து வாட்டிய அந்த ஆண்டில் தானியம் தடைபட்டது. டாக்கா சாக்கு விற்பதை நிறுத்தியது; அதன்பின் தானியம் வந்து சேர்வதற்குள் பஞ்சம் தன் வேலையை முடித்திருந்தது. செத்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதே ஆண்டில் 'அமைதிக்கான உணவு' உதவியில் ஏறக்குறைய பாதி போனது போர் நடந்துகொண்டிருந்த தென் வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும்!

உபரியை விற்கும் விவசாயியின் சுயநலம் ஆண்டுக்கு ஆண்டு மாறாது. அதை நம்பிக் குடும்பம் நடத்தலாம். அதிபரின் சுயநலம் போர்முனைச் செய்தியோடு ஏறி இறங்கும். நல்லெண்ணம் மட்டும் எஞ்சினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. 2025 ஜனவரியில் டிரம்ப் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தார். ஜூலையில் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையான யுஎஸ்எய்டின் கதவே சாத்தப்பட்டது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் குழந்தைகளுக்காக வாங்கித் துபாய் கிடங்கில் வைத்திருந்த சத்து பிஸ்கட் சுமார் 500 டன், அனுப்ப ஆளில்லாமல் காலாவதியாகி அழிக்கப்பட்டது. அமெரிக்காவுக்குள் எழுந்த எதிர்ப்புக் குரல்களில் தானியம் விற்கும் விவசாயிகளுடையதும் ஒன்று. அவர்களுக்காகவாவது உணவு உதவியை மிச்சம் வைக்கலாமே என்று அவர்கள் தரப்பு எம்.பி.க்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

இப்போது இந்தியாவும் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. 2022இல் இலங்கை திவாலானபோது டெல்லி சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. அதில் 100 கோடி டாலர் கடன் வசதி, இந்தியாவிலிருந்து உணவும் மருந்தும் வாங்குவதற்கு. தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 40,000 டன் அரிசி அறிவித்தது. முதலில் இங்கே பேச்சு ஈழத் தமிழர்களுக்கு அனுப்புவது பற்றித்தான். எல்லா மக்களுக்கும் சேர்த்தே அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர்கள். மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பல் போனது. டெல்லி கொடுத்ததில் சீனாவைத் தள்ளிவைக்கும் கணக்கும் உண்டு என்பது கொழும்புக்குத் தெரியாதா? ஆகஸ்ட் 16ஆம் தேதி, இந்தியா கவலை தெரிவித்த பிறகும், சீனாவின் 'யுவான் வாங் 5' கண்காணிப்புக் கப்பலை அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் அனுமதித்தார்கள்.