மசோதாவுக்கும் ஒரு ரிவ்யூ உண்டு!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் யாரும் நேராக வைவாவுக்குப் போய்விட முடியாது. ஸீரோத் ரிவ்யூ, ஃபர்ஸ்ட் ரிவ்யூ என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். நாடாளுமன்றத்தில் மசோதாக்களுக்கும் இப்படி ஒரு ரிவ்யூ உண்டு. அதுதான் நாடாளுமன்றக் குழு. ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அதை ஒரு உண்மைக் கதையை வைத்தே பார்ப்போம்.

நம் குடியுரிமைச் சட்டம் 1955-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உரிய ஆவணம் இல்லாமல் வந்தவரும், விசா முடிந்த பிறகும் தங்கியவரும் அதன்படி 'சட்டவிரோதக் குடியேறி'. அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 2016 ஜூலையில் வந்த திருத்த மசோதா இதில் ஒரு வாசலைத் திறந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்களை இனி அப்படிக் கருதக்கூடாது என்றது.

எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே மசோதா இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்குப் போனது.

சரி, குழு என்னதான் பண்ணும்? பொதுமக்களிடம் மனு வாங்கும். அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். நேரில் போய்ப் பார்க்கும். 2018 மே மாதம் இந்தக் குழு குவாஹாட்டி, சில்சார், ஷில்லாங் என்று போய் மக்களிடம் கருத்துக் கேட்டது. இதனால் உடனடியாக எத்தனை பேர் பயனடைவார்கள் என்ற கேள்விக்கு உளவுத்துறை சொன்ன எண்ணிக்கை 31,313. மதத் துன்புறுத்தல் காரணமாக வந்ததாகச் சொல்லி ஏற்கெனவே நீண்டகால விசா பெற்றவர்களின் கணக்கு அது. மேடைப் பேச்சில் கிடைக்காத இப்படிப்பட்ட தகவல்களைப் பதிவில் கொண்டுவருவதுதான் குழுவின் பலம்.

மதங்களின் பெயர் இல்லாமல் 'துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையினர்' என்று பொதுவாக எழுதலாமே என்ற யோசனையும் வந்தது. ஏற்கப்படவில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் தங்கள் மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தார்கள்.

2019 ஜனவரி 7-இல் அறிக்கை வந்தது. மறுநாளே மக்களவையில் மசோதா நிறைவேறியது! இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்த வேலையைப் படிக்க ஒரே ஒரு நாள். இங்கேதான் அந்த வித்தியாசம்: குழு சொல்வது பரிந்துரை மட்டுமே, யாரையும் கட்டுப்படுத்தாது. நம்ம ரிவ்யூவில் ஃபெயில்னா திரும்ப வரணும். அங்கே அப்படி இல்லை.

மாநிலங்களவையில் நிறைவேறாமல் அந்த மசோதா காலாவதியானது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய மசோதா வந்தது. அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரிய தீர்மானம் மாநிலங்களவையில் தோற்றது. சில நாட்களிலேயே மசோதா சட்டமானது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்தாலும், பெற்றோரில் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நம்ம வயசுதான். 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு 2025-இல் தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்தது. அது குடியுரிமை ஆகாது.

அந்த விலக்கு 2025-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் வந்தது. அந்த மசோதா மார்ச் 11-இல் அறிமுகமாகி, எந்தக் குழுவுக்கும் போகாமல், ஏப்ரல் 2-க்குள் இரு அவைகளையும் தாண்டிவிட்டது.

குழு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் அறிக்கையில் நிற்கும். நாம் எடுத்துப் படிக்கலாம். குழு கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுக்கும்போது யார் வேண்டுமானாலும் மனு அனுப்பலாம். அடுத்த முறை அப்படி ஒன்று கண்ணில் பட்டால், ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடாதீங்க.