ஒன்பது மணிக்கு மேல வாங்க

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் வருஷத்துக்கு மூன்று நான்கு ராத்திரி சின்னத் திருவிழா நடக்கும். பிரம்ம கமலம் பூக்கிற நாளில் எதிர்வீட்டு அக்கா கற்பூரத்தோடு சாயங்காலமே வந்துவிடுவார். “ஒன்பது மணிக்கு மேல வாங்கக்கா” என்று திருப்பி அனுப்புவேன். இருட்டியபின் மெல்ல வாய் திறக்கும் மொட்டு, நடுராத்திரிக்குள் விரித்த கையளவு ஆகிவிடும். வாசனை மாடிப்படி வரை இறங்கும். விடிந்தால் துவண்டு தொங்கும்.

அசல் பிரம்ம கமலம் இமயமலையில் வளர்வது. உத்தராகண்டின் மாநிலப் பூ, சூரியகாந்திக் குடும்பம். நம் வீட்டுப் பூ மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. இதைச் சொன்னதும் அக்கா, “கள்ளியா? முள்ளு எங்கப்பா?” என்றார். நியாயமான கேள்விதான். நாம் இலை என்று நினைப்பது தட்டையான தண்டு. அதன் ஓரத்துப் பள்ளங்களில்தான் மொட்டு வரும்.

கள்ளி என்ற சொல்லில் நானும் ஏமாந்தவன். முதல் வருஷம் உச்சி வெயிலில் வைத்தேன். தண்டெல்லாம் பழுத்த வெற்றிலையாக வெளுத்துவிட்டது. இது பாலைவனத்துச் செடி இல்லை. காட்டு மரத்தின் கிளைக் கவட்டில், மக்கிய சருகில் வேர்விட்டு வாழ்வது. அதற்கு வேண்டியது கிளை நிழலும் ஈரக்காற்றும். ஈரக்காற்றுக்குத் திருவொற்றியூரில் பஞ்சமா? தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே, காலை வெயில் மட்டும் படும்படி மாற்றினேன். பிழைத்துக்கொண்டது.

அதே காற்றில் நர்சரியில் வாங்கிய உருண்டைக் கள்ளி அழுகிச் செத்தது. தேங்காய் நார்க்கழிவில் நட்டு தினமும் தண்ணீர் ஊற்றியது என் புத்தி. இப்போது அடுத்த உருண்டைக் கள்ளிக்குப் பாதிக்குமேல் ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும்தான். மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஷீட்டுக்கு அடியில் போய்விடும்.

இன்னொரு வேலையும் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-ல் நின்று எண்ணூருக்குப் போனது. எங்கள் துணிக்கொடிக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. தூசி படிந்தால் தண்டுக்கு வெளிச்சம் போகாது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன்.

துடைக்கும்போது வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் எடுத்துவிடலாம். இதற்கு ஒன்றுவிட்ட உறவுப் பூச்சி ஒன்று உண்டு. நசுக்கினால் ரத்தச் சிவப்பாகக் கசியும். அந்தச் சாயத்துக்காகத்தான் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் கப்பலில் கல்கத்தா வந்திறங்கிய பூச்சியோ மட்டரகம். சாய வியாபாரம் படுத்தது. பூச்சி மட்டும் கள்ளியைத் தின்று கொழுத்தது. பிறகு வேலியாய்ப் பரவிய சப்பாத்திக்கள்ளியை ஒழிக்கவே 1926-ல் இலங்கையிலிருந்து அந்தப் பூச்சியின் இன்னொரு இனத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் தப்பியது கடலோர மணலில் மஞ்சள் பூ பூக்கிறது. பையனாக இருந்தபோது அதன் பழத்தை மணலில் புரட்டிப் புரட்டித் தேய்த்துத் தின்போம். பெரிய முள் பரவாயில்லை. பழத்தின் மேலிருக்கும் பொடி முள்தான் நாக்கில் ஏறினால் ரெண்டு நாள் போகாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு சாண் தண்டு வெட்டிக் கொடுத்தேன். வெட்டுவாய் நாலைந்து நாள் காயட்டும், அப்புறம் நடுங்க என்றேன். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். தொங்கும் மொட்டு கழுத்தை வளைத்து மேலே தூக்கினால் பூக்கிற நாள் நெருங்கிவிட்டது என்பதையும் சொல்லிவைத்தேன்.

நேற்று போன் வந்தது. “கழுத்தத் தூக்கி நாலு நாளாச்சுப்பா, இன்னிக்கு வாய் பொளக்குது. ஒன்பது மணிக்கு மேல வா.”