மயிலைத் தாண்டி ஓடும் பிட்

தேக்குப் பலகையில் ஈட்டி மரத்தால் ஒரு மயிலைப் பதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் தோண்டும் பள்ளத்தில் வீண் ஓட்டம் அதிகம் இருக்காது. பிட் மயிலின் கோட்டைத் தாண்டிப் போகாது. நேரத்தைத் தின்பது அந்தப் பள்ளத்தில் உட்காரப்போகும் ஈட்டித் துண்டுதான். இதில் மயில் மேடாக நிற்க வேண்டும், சுற்றியுள்ள மரம் போக வேண்டும். எதுவரை போக வேண்டும் என்பதை நாம் வரையும் எல்லைக்கோடுதான் சிஎன்சி மென்பொருளுக்குச் சொல்கிறது.

மயில் 100 மி.மீ. சதுரத்துக்குள் அடங்கும். கையில் இருக்கும் 300 மி.மீ. சதுர ஈட்டிப் பலகையின் ஓரத்தையே எல்லையாகக் கொடுத்தால், 90,000 சதுர மி.மீ. பரப்பில் அடி தட்டையான எண்ட் மில் மேய வேண்டும். மயிலைச் சுற்றி 10 மி.மீ. மட்டும் விட்டு 120 மி.மீ. சதுரம் வரைந்தால் 14,400 போதும். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. துண்டைக் கவிழ்த்துப் பள்ளத்தில் இறக்கும்போது, எல்லைக்கு வெளியே நிற்கும் மரம் தேக்கில் இடித்து, உள்ளே இறங்க விடாது. அதனால் எல்லையை ஒட்டி வெட்டித் துண்டைத் தனியே எடுத்துவிட வேண்டும்.

அதற்காக எல்லையை மயிலோடு ஒட்டி வரைந்துவிடவும் கூடாது. விளிம்பைச் செதுக்கும் வி-பிட் 60 டிகிரி என்றால் வழக்கமான அளவுகள் இவை: பள்ளத்தின் ஆழம் 5 மி.மீ.; துண்டுக்குத் தொடக்க ஆழம் 4, அதற்குக் கீழே இன்னும் 1.5. துண்டு 4 மி.மீ. உள்ளே போகும், அடியில் 1 மி.மீ. பசைக்கு, மேலே 1.5 மி.மீ. இடைவெளி, பசை காய்ந்ததும் ரம்பம் ஓட்ட. அந்த 1.5 மி.மீ. ஆழத்தில் வி-பிட்டின் சரிவு மயில் பக்கம் சுமார் 0.9, எல்லைப் பக்கம் 0.9 மி.மீ. இடம் பிடிக்கும். 6 மி.மீ. எண்ட் மில் நடுவே நுழைய 8 மி.மீ.யாவது தேவை. அதற்கும் குறைந்தால் எண்ட் மில் நுழையாது. நுனி கூரான வி-பிட்டே மொத்த மரத்தையும் கோடுகோடாகச் சுரண்டும். மரத்தை மிச்சம் பிடிக்கப் போய் மணிக்கணக்கை இழக்கும் இடம் இது.

இன்னொரு வீண் வேலை, பலர் கவனிக்காதது. மென்பொருளுக்கு மயிலின் விளிம்பும் எல்லைக்கோடும் ஒன்றுதான். எல்லையையும் வி-பிட்டால் சரிவாகச் செதுக்கி, நான்கு மூலைகளிலும் பிட்டை மேலே ஏற்றிக் கூராக்கும். வெட்டி எறியப்போகும் விளிம்புக்கு எதற்கு இந்த அலங்காரம்? பிட் ஓடும் பாதையை (டூல்பாத்) ஒரு கோட்டுக்குள் நறுக்கும் வசதி இருந்தால், மயிலிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஒரு கோடு வரைந்து, வி-பிட் பாதையை மட்டும் அதற்கு வெளியே நறுக்கிவிடலாம். வசதி இல்லையென்றால் எல்லையின் மூலைகளையாவது உருட்டிவிடுங்கள். ஏறி இறங்கும் வேலை மிச்சமாகும்.

எண்ட் மில்லை முதலில் ஓட்டுங்கள். தொடக்க ஆழம் 4 என்று கொடுத்ததும், அதற்கு மேலே மரமே இல்லை என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். வி-பிட்டை முதலில் விட்டால் ஈட்டி போன்ற கடின மரத்தில் நேராக ஐந்தரை மி.மீ. புதையும், நுனி போய்விடலாம். கொண்டைப் பூ, தோகை இடுக்கு போன்ற இடங்களில் எண்ட் மில் நுழைந்திருக்காது என்பதால், பின்னால் ஓடும்போதும் வி-பிட்டின் வேகத்தைக் கொஞ்சம் அடக்கியே வையுங்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை அழிக்காவிட்டால் ஒரே பாதை இரண்டு முறை ஓடும். பிட் இடம் மாறும்போது 20 மி.மீ. தூக்க வேண்டியதில்லை; வழியில் கிளாம்ப் இல்லாவிட்டால் 5 போதும்.

மென்பொருள் காட்டும் நேரம் அதிகமாகத் தெரிந்தால், வேகத்தைக் கூட்டும் முன் பிரிவியூவை ஓட்டி எல்லைக்கோட்டைப் பாருங்கள்.