நோயாளியின் தட்டில் ஓர் இனிப்பு: வீட்டு மிக்ஸியில் பழக்குழைவுகள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவருக்குப் பசி உடனே திரும்பிவிடுவதில்லை. நாக்கில் சுவை மங்கியிருக்கும். சோற்றைக் கண்டாலே மனம் விலகும். அத்தகைய நாட்களில் குளிர்ந்த, மென்மையான, இயற்கையாகவே இனிக்கும் ஒரு கிண்ணம் பழக்குழைவு உணவின் மீது விருப்பத்தை மீட்டுத் தரக்கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் மாம்பழப் பருவமும் ஆகும். அதனைத் தொடர்ந்து வருவது செங்கழுநீர் அம்மன் ஆலயத்தின் ஆடித் தேர்த்திருவிழா. வீராம்பட்டினத்து வீடுகளில் பாயசமும் கொழுக்கட்டையும் மணக்கும்பொழுது, நோயுற்றவர் மட்டும் வெறுந்தட்டுடன் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருவருக்கு நலம் தரும் பழம் மற்றொருவருக்குத் தீங்காகலாம். ஆகவே செய்முறையோடு, யார் எதனைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் இங்கே விளக்குகிறோம்.

கருவியைக் கையாளும் முறை

இதற்கென அகன்ற பாத்திரமுடைய ஃபுட் புராசஸர் இருந்தால் நன்று. இல்லையெனில் அன்றாடம் சட்னி அரைக்கும் மிக்ஸியே போதும். உறைந்த பழத்துண்டுகளைத் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடேறும். குமிழை எதிர்ப்புறம் திருப்பி, சில நொடிகள் ஓட்டுவதும் நிறுத்துவதுமாக அரைக்க வேண்டும். இடையிடையே மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பக்கங்களில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துவிட வேண்டும். மிக்ஸி திடீரென நின்றுவிட்டால் சற்று ஆறவிட்டு, அடிப்பகுதியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் மீண்டும் இயங்கும். கொதிக்கும் பொருளை மூடிய ஜாரில் அரைக்கவே கூடாது. உள்ளே பெருகும் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து முகத்தைச் சுட்டுவிடும்.

மசாலா அரைக்கும் ஜாரைப் பழத்திற்குப் பயன்படுத்தாமல் தனி ஜார் வைத்துக்கொள்வது நலம். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதன் இடுக்கில் தங்கும் பழச்சாறு கிருமிகள் வளர ஏற்ற இடமாகும்.

நான்கு எளிய வகைகள்

வாழைப்பழப் பனிக்கூழ்: நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழங்களை உரித்து, விரற்கடை அளவுத் துண்டுகளாக்கி, நான்கு மணி நேரம் உறையவிடுங்கள். பின்னர் விட்டு விட்டு அரைத்தால் முதலில் புட்டு மாவு போல் உதிரும். சற்றுப் பொறுத்தால் ஐஸ்கிரீம் போல வழுவழுப்பாகும். பழத்திலுள்ள பெக்டின் என்னும் நார்ப்பொருளே இந்த மென்மையைத் தருகிறது. பாலும் சர்க்கரையும் தேவையில்லை.

மாம்பழத் தயிர்க்குழைவு: தயிரைத் துணியில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் நீர் வடியவிடுங்கள். ஒரு கிண்ணம் மாம்பழச் சதையுடன் அரைக் கிண்ணம் கெட்டித் தயிரும் ஒரு சிட்டிகை ஏலத்தூளும் சேர்த்து அரையுங்கள். புரதமும் கிடைப்பதால் உடல் மெலிந்தவர்களுக்கு உகந்தது. மாம்பழத்திற்குப் பதில் பப்பாளியைச் சேர்த்தால் உடனே உண்டுவிட வேண்டும். பப்பாளியிலுள்ள நொதி பாற்புரதத்தைச் சிதைத்து, நேரம் செல்லச் செல்லக் கசப்பை உண்டாக்கும்.

வேகவைத்த பழக்கூழ்: புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் 'கொம்போத்' என்றழைத்த பண்டம் இது. தோலும் விதையும் நீக்கிய ஆப்பிளையோ பேரிக்காயையோ சிறிது நீரும் ஒரு துண்டுப் பட்டையும் இட்டு, மூடி, மென்தீயில் கால் மணி நேரம் வேகவையுங்கள். பட்டையை எடுத்துவிட்டு, நன்றாக ஆறிய பின் அரையுங்கள். கொய்யாவில் செய்தால் வடிகட்டி விதைகளை முழுமையாக நீக்க வேண்டும்.

கடற்பாசிப் பழக்கட்டி: கடைகளில் இழைகளாகக் கிடைக்கும் கடற்பாசி 10 கிராமை இரண்டு கிண்ணம் நீரில் ஊறவைத்து, முற்றிலும் கரையும் வரை காய்ச்சுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பின் இரண்டு கிண்ணம் தர்பூசணிக் கூழைக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டி இன்றியே இது இறுகும். புளிப்புப் பழங்களைக் கடற்பாசியுடன் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இறுகும் தன்மை குறையும்.

யாருக்கு எது பொருந்தும்

நீரிழிவு உள்ளவர்கள்: பழக்குழைவை உணவுக்கு மேல் கூடுதலாக உண்ணாமல், அன்றைய பழத்திற்கு ஈடாகவே கொள்ள வேண்டும். 100 கிராம் மாம்பழத்தில் ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து உள்ளது. வாழைப்பழத்தில் அது 20 கிராமுக்கும் மேல். வெல்லம், பனைவெல்லம், தேன், பேரீச்சை ஆகியவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். இவற்றை 'இயற்கையானவை' என்று எண்ணிச் சேர்க்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்தால் தயிர் கலந்த குழைவு உதவாது. அப்பொழுது விரைந்து செரிக்கும் குளுக்கோஸோ சர்க்கரை நீரோதான் தர வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள்: 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 420 மில்லிகிராம், வாழையில் 360 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது, ஆப்பிளிலும் அன்னாசியிலும் சுமார் 110 மட்டுமே. அரைப்பதால் பொட்டாசியம் குறைவதில்லை. வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டினால் ஒரு பகுதி குறையும். உங்களுக்கு உரிய அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டறியுங்கள். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் பனிக்கூழையும் தர்பூசணியையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நட்சத்திரப்பழத்தை எவ்வடிவிலும் உண்ணக் கூடாது. அதிலுள்ள நச்சைச் சிறுநீரகம் வெளியேற்ற இயலாதபோது விடாத விக்கல், குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றி, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள்: பக்கவாதத்திற்குப் பின் சிலருக்கு நீர்த்த பொருள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பனிக்கூழ் பார்வைக்குக் கெட்டியாக இருப்பினும் வாயில் உருகி நீராகிவிடும். ஆதலால் இவர்களுக்குத் தரலாகாது. கடற்பாசிக் கட்டியும் துண்டுகளாக உடைந்து தொண்டையில் சிக்கக்கூடும். குழைத்த உணவு அனுமதிக்கப்பட்டவர்களுக்கு வேகவைத்த பழக்கூழே ஏற்றது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால், அது ஒழுகாமல் ஒரே திரளாக விழ வேண்டும். ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது. இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர்: வாய்ப்புண் இருந்தால் எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவை எரிச்சல் தரும், வாழையும் சப்போட்டாவும் இதமளிக்கும். குளிர்ச்சி வலியைத் தணிக்கும். எனினும் ஆக்சாலிபிளாட்டின் மருந்து பெறுபவர்களுக்குக் குளிர்ந்த பொருள் தொண்டையில் இறுக்கத்தையும் கூச்சத்தையும் உண்டாக்கும் என்பதால், அவர்கள் அறை வெப்பநிலையிலேயே உண்ண வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய நாட்களில் வேகவைத்த வகையே பாதுகாப்பானது.

மாற்றுறுப்பு பெற்றோரும், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளில் சிலவற்றை உட்கொள்வோரும் பம்பளிமாஸைச் சேர்க்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்; அம்மருந்துகளின் அளவை அது இரத்தத்தில் உயர்த்திவிடலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எதிலும் தேன் கலந்து தரக் கூடாது.

தூய்மை

நறுக்கி விற்கப்படும் பழங்களை வாங்காதீர்கள். முழுப் பழத்தை ஓடும் நீரில் கழுவிய பின்னரே தோலுரியுங்கள். இல்லையேல் தோலிலுள்ள அழுக்கு கத்தி வழியே சதைக்குள் செல்லும். உறைநிலை கிருமிகளை உறங்கச் செய்யுமேயன்றிக் கொல்லாது. மின்தடையால் உருகிய பனிக்கூழை மீண்டும் உறையவைத்துப் பரிமாறக் கூடாது. தயிர் சேர்த்த குழைவை அன்றே உண்டு முடித்துவிடுங்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்பொழுது, வீட்டில் எந்தப் பழத்தை எவ்வளவு தருகிறீர்கள் என்பதை ஒரு தாளில் குறித்து, மருந்துச் சீட்டுடன் எடுத்து வாருங்கள். அதனைப் பார்த்து, எதைத் தொடரலாம், எதை மாற்ற வேண்டும் என்பதை மருத்துவரும் உணவியல் நிபுணரும் உங்களுக்கெனத் தனியாக எடுத்துரைப்பர்.