இணையத்தில் நம் பொருளுக்கு ஒரு நல்ல முகவரி



நாம் தயாரிக்கும் பொருட்களைச் சந்தையிலும் கண்காட்சியிலும் விற்று வருகிறோம். இப்போது பல கூட்டமைப்புகள் இணையதளமும் தொடங்குகின்றன. "தளம் செய்து கொடுக்கிறவர் எல்லாத்தையும் பார்த்துக்குவார், நமக்கு எதுக்கு?" என்று கூட்டங்களில் எங்களிடம் கேட்கிறார்கள். படத்தையும் விலையையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தின் முகவரியை முதலிலேயே யோசித்து வைக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

முகவரி என்றால் என்ன?

இணையதளத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி உண்டு. முதலில் வருவது தளத்தின் பெயர். இது ஊர்ப் பெயர் மாதிரி. அதற்குப் பிறகு சாய்கோடு போட்டு வருவது பக்கத்தின் பெயர். இது தெரு, கதவு எண் மாதிரி.

பத்தமடைப் பாய் நெய்யும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். கவனிக்காமல் விட்டால், பாய் உள்ள பக்கத்தின் முகவரி 'பொருள்?எண்=47' என்று அமைந்துவிடலாம். 47 என்றால் பாயா, கூடையா? யாருக்கும் தெரியாது. அதையே 'பாய்/பத்தமடை-கோரைப்பாய்' என்று வைத்தால் பார்த்த உடனே புரியும். (ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியதை, புரிவதற்காக இங்கே தமிழில் எழுதியிருக்கிறோம்.)

தேடுபொறிக்கு இதனால் என்ன?

கூகுள் போன்ற தேடுபொறிகள் பக்கம் பக்கமாகப் போய்ப் படித்துக் குறித்து வைத்துக்கொள்கின்றன. தலைப்பு, விவரம், படம், முகவரி எல்லாவற்றையும் பார்க்கின்றன. ஆனால் முகவரியில் நல்ல சொல் இருப்பதால் மட்டும் நம் பக்கம் முதலில் வந்துவிடாது. அதனால் கிடைக்கும் உதவி மிகச் சிறியது என்று கூகுள் நிறுவனமே சொல்கிறது. "முகவரியை மாற்றி முதல் இடத்துக்குக் கொண்டு வர்றேன், தனியா பணம் கொடுங்க" என்று யாராவது கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

அப்படியானால் லாபம் என்ன? வாட்ஸ்அப்பில் முகவரி வந்தால், இது என்ன பக்கம் என்று படித்துப் பார்த்து, நம்பித் திறப்பார்கள். மற்ற தளங்களும் நம் முகவரியைக் குறிப்பிடும். அந்த வழியாகவும் தேடுபொறி நம்மிடம் வந்து சேரும்.

முகவரி வைக்கும் முறை

1. வாங்குபவர் தேடும் சொல்லை வையுங்கள். நாம் 'சத்துமாவு' என்போம், நகரத்தில் 'ஹெல்த் மிக்ஸ்' என்று தேடலாம். வாடிக்கையாளர்கள் ஐந்து பேரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 'தரமான தயாரிப்பு 1' என்று யாரும் தேட மாட்டார்கள்.

2. சுருக்கமாக வையுங்கள். இரண்டு சொல்லுக்கு நடுவே சிறு கோடு (-) போடுங்கள். இடம் விட்டால் அங்கே '%20' என்று வந்து முகவரி அசிங்கமாகிவிடும்.

3. ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகளையே பயன்படுத்துங்கள். பல தளங்களில் பெரிய எழுத்தில் அடித்தால் அது வேறு முகவரி ஆகிவிடும்.

4. தமிழ் எழுத்திலும் முகவரி வைக்கலாம், தேடுபொறிக்குப் புரியும். ஆனால் நகலெடுத்து அனுப்பும்போது அது சதவீதக் குறிகளாக மாறிவிடலாம். 'தேன்' என்ற சின்னச் சொல்லே 36 குறிகளாக நீளும். லேபிளில் அச்சடிக்க ஆங்கில எழுத்தே வசதி.

5. விலை, வருடம், பண்டிகை பெயரைச் சேர்க்காதீர்கள். விலை ஏறினால் முகவரி பொய்யாகிவிடும்.

6. ஒரு பொருளுக்கு ஒரே முகவரி போதும். ஒரே பக்கம் நாலு முகவரியில் இருந்தால், எதைக் காட்டுவது என்று தேடுபொறி குழம்பும்.

மாற்றினால் நஷ்டம் யாருக்கு?

1000 லேபிள் அச்சடித்துப் பாக்கெட்டில் ஒட்டி அனுப்பிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள க்யூ.ஆர். கோடுக்குள் இருப்பதும் பக்கத்தின் முகவரிதான். பிறகு தளத்தைப் புதுப்பிக்கிறவர் முகவரியை மாற்றிவிட்டால், மறுபடி வாங்க வருகிறவருக்கு 'பக்கம் இல்லை' என்றுதான் வரும். அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். லேபிள் செலவும் வீண்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு அனுப்பும் 'நிரந்தர வழிமாற்றம்' செய்யச் சொல்லுங்கள். வீடு மாறும்போது தபால்காரரிடம் புது விலாசம் சொல்லி வைப்பது போலத்தான் இது. தொழில்நுட்பக்காரர்கள் இதை '301' என்பார்கள். குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் பழைய லேபிள் வெளியில் இருக்கும் வரை, இதை எடுக்கக் கூடாது.

பெயர் யார் பெயரில்?

தளத்தின் பெயரை ஒரு வருடம் முதல் 10 வருடம் வரை பதிவு செய்யலாம். காலம் முடியும் முன் புதுப்பிக்காவிட்டால் பெயர் கைவிட்டுப் போகும். பதிவு கூட்டமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், தளம் செய்பவரின் பெயரில் அல்ல. கடவுச்சொல் இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்திலேயே உங்கள் பொருட்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரை முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியலைத் தளம் செய்பவரிடம் கொடுத்த பிறகு முன்பணம் கொடுங்கள். லேபிள் அச்சடிப்பது அதற்கும் பிறகுதான்!