அடுப்படியில் டேப்லட்

தறிக்கும் கழனிக்கும் உரிய இப்பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று, தலைப்பைக் கண்டதும் வாசக அன்பர்கள் சிலர் வினவக்கூடும். 2020, 2021-ம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில், பிள்ளைகளின் படிப்பு நிமித்தம் கடன்பட்டேனும் வாங்கிய டேப்லட் இன்று பல அங்கத்தினர் இல்லங்களில் அடுப்பு மேடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சமையற் குறிப்புச் செயலிகளைத் திறந்து வைத்துக்கொண்டு குழம்பு கூட்டும் வழக்கம் இளம் பெண்களிடம் மட்டுமன்றி, என் போன்ற நடுவயதினரிடமும் பரவியிருக்கிறது. ஆகவே, இது பற்றி என் அனுபவத்தில் கண்டதை எழுதத் துணிந்தேன்.

என் மகன் கல்லூரி விடுதிக்குச் சென்றபோது விட்டுச் சென்ற டேப்லட் அது. முதலில் நான் அதில் பார்த்துச் செய்தது, எங்கள் கொங்குப் பக்கத்து வீடுகளில் நாள்தோறும் வழங்கும் அரிசி பருப்புச் சாதமே! தெரிந்த பண்டத்தையே ஏன் அதில் பார்த்தாய் என்று கேட்பீர்கள். திரையில் கண்ட படம் அத்தனை அழகாயிருந்தது. அரிசி ஒரு கப், துவரம் பருப்பு கால் கப், தண்ணீர் மூன்று கப், நான்கு விசில் என்று கண்டபடியே ஓர் அணுவும் பிசகாமல் செய்தேன். குக்கரைத் திறந்தால் சாதம் களியாயிருந்தது.

என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, இது தை அறுப்பு அரிசி. புது அரிசி இத்தனை தண்ணீர் தாங்காது. அந்தப் பலகைக்கு அது எப்படித் தெரியும்?" என்றார்.

நெல் விளைவிக்கும் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு கழிந்த பழைய அரிசி நீரை நன்றாக உறிஞ்சி உதிரியாகும். புது அரிசி குறைந்த நீரிலேயே குழையும். செயலியில் குறிப்பு எழுதியவர் தம் வீட்டு அரிசிக்கு எழுதினார். அவர்மீது குற்றமில்லை. ஜக்கார்டு அட்டையில் துளையிட்ட டிசைன் பிழையின்றி இருக்கலாம். பாவு நூல் ஈரத்தில் தளர்ந்திருந்தால் அதை அட்டை அறியாது, நெய்பவர்தான் அறிய வேண்டும். (1804-ம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஜக்கார்டு அமைத்த அந்தத் துளை அட்டைகளே பிற்காலத்துக் கணிப்பொறிகளுக்கு வழிகாட்டின. அவ்வகையில் டேப்லட் நம் தறிக்குத் தூரத்து உறவுதான்.)

கப் என்ற சொல்லே பெரும் மயக்கம் தருவது. அமெரிக்கர் கப் சுமார் 237 மில்லி லிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பிறநாடுகள் பலவற்றில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. செயலியோ எல்லா நாட்டுக் குறிப்புகளையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுகிறது. கேக் சுடுவோர் 350 டிகிரி என்று கண்டால், அது பாரன்ஹீட் கணக்கு; நம் அடுப்புக் குமிழில் சுமார் 177 டிகிரி செல்சியஸ் என்று அறிந்து திருப்ப வேண்டும். உப்பிலும் கவனம் தேவை. ஒரு கரண்டி கல்லுப்பில் இடைவெளி மிகுதியாதலால், அது ஒரு கரண்டி தூளுப்பைவிட எடை குறைந்தது. விசில் கணக்கும் குக்கருக்குக் குக்கர் மாறும்.

இத்தொல்லை புதிதன்று. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வெளிவந்த காலத்தில் ஆழாக்கும் படியும் பலமும் வழக்கிலிருந்தன; படியோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1958-ல் மெட்ரிக் எடைகள் புகத் தொடங்கியபின் குடும்பப் பெண்கள் எத்தனை மனக்கணக்குப் போட்டிருப்பார்கள்!

இனி, கருவியைக் கையாளும் முறை. நனைந்த கையால் தொட்டால் திரை தாறுமாறாக ஓடும். விரலின் மின் தன்மையை உணர்ந்தே அது இயங்குகிறது. நீர்த்துளியும் மின்சாரம் கடத்துவதாகையால் எது விரல், எது நீர் என்று அதற்குப் புலப்படுவதில்லை. மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் பையினுள் டேப்லட்டை இட்டு வைத்தால் மஞ்சளும் எண்ணெயும் படா. பையின் மேல் தொட்டாலும் வேலை செய்யும். மாவுக் கையானால் விரல் மூட்டால் தொடலாம். சற்று நேரத்தில் திரை தானே அணைந்துபோவதைத் தடுக்க அமைப்பில் வழியுண்டு. பிள்ளைகளைக் கேட்டால் நொடியில் மாற்றித் தருவர். அடுப்பருகே மட்டும் வைக்கலாகாது. ஐபேடு போன்றவை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலுக்கே உரியவை என்று அதைச் செய்தோரே கூறுகின்றனர். சித்திரை மாதத்தில் நம் அடுப்படி அதை எளிதில் தாண்டும். வெப்பத்தில் பாட்டரி விரைவில் நலியும். துடைப்பதற்கு ஈரத் துணி வேண்டா. நைந்த பருத்தி வேட்டித் துண்டு போதும், அது நம்மிடம் இல்லாமற் போகுமா?

வீடியோவைக் காட்டிலும் எழுத்துக் குறிப்பையே நான் விரும்புகிறேன். பாகு கம்பிப் பதம் வரும் தருணத்தில் விளம்பரம் குறுக்கிட்டு, பாகு முற்றிப்போனது எனக்கு ஒருமுறை அன்று. வீடியோவை முன்னிரவில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது.

இவையெல்லாம் சிறு விஷயங்கள். என்னை எழுதத் தூண்டியது வேறு. சென்ற ஆண்டு என் மாமியாருக்குக் கண் பார்வை மங்கிற்று. கையும் நடுங்கத் தொடங்கிற்று. அவர் செய்யும் கொள்ளுக் கடைசலும் அரிசி பருப்புச் சாதமும் எந்தச் செயலியிலும் இல்லை, என் கையிலும் முழுவதும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அருகில் நின்றும் நான் கேட்டுக் குறித்ததில்லை. கேட்டாலும், "ஒரு பிடி போடு, கண்ணுக்குத் தெரியுமே" என்பார்.

செயலிகள் பலவற்றில் நம் சொந்தக் குறிப்பை எழுதி வைக்க இடமுண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, நூல் நிறுக்க வைத்திருந்த சிறு மின் தராசை மேடைக்குக் கொண்டுவந்தேன். அத்தை பருப்பை அள்ளி அதில் இட்டார். முதற்பிடி 46 கிராம். மறுபடி இடச் சொன்னேன்; 44. மூன்றாம் முறையும் 46! நடுங்கும் கையில் இத்தனை ஒழுங்கு இருக்குமென நான் எண்ணியதில்லை. சீரகம், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் என ஒவ்வொன்றையும் அவர் அள்ள அள்ள நான் நிறுத்து எழுதினேன். "எத்தனை நேரம் வதக்க?" என்றால், "வாசம் மாறும் வரை" என்றார், அதையும் அவ்வாறே எழுதினேன். பத்து நாட்களில் பதினான்கு பண்டங்கள் ஏறின.

மகன் விடுதியிலிருந்து வந்து, தனி அறை எடுத்த நண்பர்களோடு சமைக்கப் போவதாகச் சொன்னபோது, அந்தக் குறிப்புகளை அவன் கைப்பேசிக்கு அனுப்பினேன். ஒரு ஞாயிறன்று அழைத்து, "அம்மா, பாட்டி சாதம் போலவே வந்தது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது" என்றான்.

அருகிலிருந்த அத்தை, "எந்த டம்ளர் என்று எழுதினாயா, அம்மிணி?" என்று கேட்டார்.

எழுதவில்லை. அன்று மாலையே விளிம்பு நெளிந்த அந்த எவர்சில்வர் டம்ளரில் நீர் நிரப்பி நிறுத்தேன். 210 மில்லி பிடித்தது. அதன் படத்தையும் எடுத்து, குறிப்பின் தலையில் சேர்த்து, "புது அரிசியானால் அரை டம்ளர் குறைக்க" என்று கீழே எழுதி, மீண்டும் அனுப்பிவைத்தேன்.